ராயபுரத்துக் கல்லும் கல்கத்தாக் கல்லறையும்



மலர்க்குழு நண்பர் போன் பண்ணி, "ஏதாவது எழுதிக் குடு மச்சி, காமெடியா இருந்தா நல்லது" என்றார். எனக்குக் காமெடி வராது. ஆனால் என்னை வைத்து மற்றவர்கள் சிரித்த ஒரு சம்பவம் உண்டு. அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சிவில் பிரிவு மாணவர்களுக்குத் தெரியும், இன்ஜினியரிங் ஜியாலஜி என்று ஒரு பாடம். அதற்கு ஒரு பிராக்டிகல். நீளமான மேஜையில் இருபது கற்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு நம்பர். நாங்கள் கல்லைப் படிக்கவில்லை, நம்பரைப் படித்தோம். சீனியர் கொடுத்த துண்டுச் சீட்டில் 7 என்றால் இது, 12 என்றால் அது. வைவா அன்று வெளியிலிருந்து வந்த பரீட்சையாளர் (வயதானவர், கதர்ச் சட்டை, மூக்குக் கண்ணாடி) மேஜையைப் பார்க்கவே இல்லை. தன் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து என் கையில் வைத்தார். நம்பர் இல்லை!

"இது என்னப்பா?"

"கிரானைட் சார்."

"நல்லாப் பாரு."

"கருப்பு கிரானைட் சார்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "எந்த ஊரு நீ?" "திருவொற்றியூர் சார்." "சாயங்காலத்துல பசங்களோட எங்க உட்காருவே?" "கடலோரத்துல, கல்லு மேல சார்." "அந்தக் கல்லுதாம்ப்பா இது. பேரு சார்னக்கைட். உலகத்துக்கே நம்ம மெட்ராஸ் குடுத்த கல்லு. அதுக்கு யாரு பேரு, ஏன் அந்தப் பேருன்னு தெரிஞ்சிக்கோ" என்று சொல்லி, பாஸ் மார்க் போட்டு அனுப்பிவிட்டார்.

தெரிந்துகொள்ள எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. தெரிந்தபோது, இதை அன்றைக்கே ஒருவர் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் அந்தப் பாடத்தை நம்பர் சீட்டில் படித்திருக்க மாட்டோமே என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர் வைத்தவர். தாமஸ் ஹென்றி ஹாலண்ட். 1868-ல் பிறந்த ஆங்கிலேயர். 1890-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில், அதாவது ஜி.எஸ்.ஐ.யில், சேர்ந்து கல்கத்தா வந்தார். கல்கத்தா எப்படிப்பட்ட ஊர் என்று யோசித்துப் பாருங்கள். கங்கை கொண்டுவந்து கொட்டிய வண்டல் மண்மேல் எழுந்த நகரம். நூறு அடி தோண்டினாலும் களிமண்ணும் மணலும்தான், பாறை தட்டாது. பாறை படிக்க வந்தவருக்குக் கல்லே இல்லாத ஊரில் ஆபீஸ்! அந்த ஊரில் கல் என்று எது இருந்தாலும் அது வெளியூரிலிருந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

அங்கே செயின்ட் ஜான்ஸ் தேவாலயத் தோட்டத்தில் எட்டுக்கோண வடிவில் ஒரு கல்லறை மண்டபம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஏஜென்ட் ஜாப் சார்னக்கினுடையது. உள்ளே கறுத்த கல் பலகை ஒன்றில் லத்தீன் எழுத்துகள். ஹாலண்ட் அந்தக் கல்லைப் பாறையியல் கண்ணோடு பார்த்தார். குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், ஹைப்பர்ஸ்தீன், கொஞ்சம் இரும்புத் தாது. இதே சேர்மானம் உள்ள பாறை சென்னைக்குத் தெற்கே பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருப்பது அவருக்குத் தெரியும். பாறை சென்னையிலிருந்து வந்தது என்று முடிவு கட்டினார். 1893-ல் வங்காள ஆசியச் சங்கத்தின் இதழில் சார்னக்கின் கல்லறைக் கல்லைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். மொத்தமே மூன்று பக்கம். இந்தியாவில் இதுவரை தனியாகப் பெயர் சூட்டப்படாத பாறை இது. தன்னையறியாமலே இதன் முதல் மாதிரியைத் தலைநகரத்துக்குக் கொண்டுவந்தவர் என்ற முறையில், கல்கத்தாவை நிறுவியவரின் பெயரால் இதை சார்னக்கைட் என்று அழைக்கலாம் என்பது அதன் சாரம். அப்போது ஹாலண்டுக்கு வயது 25கூட ஆகவில்லை. (நம்மில் பலர் அந்த வயதில் அரியர் எழுதிக்கொண்டிருந்தோம்.)

சார்னக் பெயரோடு 'ஐட்' சேர்ந்தது. பாறைகளுக்கும் கனிமங்களுக்கும் கிரேக்க வழியில் வரும் விகுதி அது. நம் மொழியில் 'கல்' என்று ஒட்டுப் போடுவது மாதிரி. ஆக, சார்னக்கைட் என்றால் 'சார்னக் கல்', அவ்வளவுதான்.

ஹைப்பர்ஸ்தீன் என்ற பெயரையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பாறையின் அடையாளமே அதுதான். கிரேக்கத்தில் 'ஹைப்பர்' என்றால் மேலே, அதிகமாக. 'ஸ்தெனோஸ்' என்றால் வலிமை. ஹார்ன்பிளெண்ட் என்ற கனிமத்தோடு பார்க்க ஒரே மாதிரி இருந்தும் அதைவிடக் கடினமாக இருந்ததால் பிரெஞ்சுக் கனிமவியலார் ஒருவர் 'மிஞ்சின பலம்' என்று பெயர் வைத்தார். 1988-ல் சர்வதேசக் கனிமவியல் சங்கம் பெயர்களைத் திருத்தியபோது ஹைப்பர்ஸ்தீனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆனாலும் சார்னக்கைட் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் இல்லாமல் முடிவதில்லை. பரீட்சையில் தம்பிகள் இரண்டையும் எழுதலாம்.

இப்போது சார்னக். இந்தியாவுக்கு 1650-களில் வந்தவர், பாட்னாவில் வெடியுப்பு வியாபாரம் பார்த்தவர். முகலாயர்களோடு கம்பெனி சண்டை போட்டு வங்காளத்தை விட்டுக் கிளம்ப நேர்ந்தபோது, கம்பெனி ஆட்கள் கப்பலேறி வந்து இறங்கிய இடம் எது? நம்ம மெட்ராஸ்தான். 1689-ல் சார்னக் குடும்பத்தோடு இங்கே இருந்தார். அவருடைய மூன்று பெண்கள் மேரி, எலிசபெத், கேத்தரின் ஆகியோருக்கு அந்த வருஷம் ஆகஸ்டில் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தில் ஞானஸ்நானம் நடந்தது. அந்தப் பெண்களின் தாய் ஓர் இந்தியப் பெண்; உடன்கட்டை ஏற இருந்தவரை சார்னக் காப்பாற்றி மணந்தார் என்று ஒரு கதை உண்டு. கதை என்றே வைத்துக்கொள்வோம்.

1690 ஆகஸ்ட் 24-ஆம் தேதி சார்னக் மறுபடி வங்காளம் போய் சுதாநுட்டியில் இறங்கினார். அந்த நாளைத்தான் வெகுகாலம் கல்கத்தாவின் பிறந்தநாள் என்றார்கள். இரண்டரை வருஷம்கூட முடியவில்லை, ஒரு ஜனவரியில் இறந்துபோனார். மூத்த மகள் மேரியின் கணவர் சார்லஸ் அயர் மாமனாருக்கு மண்டபம் எழுப்பினார். 1697-ல் மேரியும் இறந்தாள். அவள் பெயரும் தகப்பன் பெயருக்குக் கீழே அதே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. சென்னைக் கோட்டையில் ஞானஸ்நானம் பெற்ற பெண், சென்னைக் கல்லின் அடியில். நான் ஒருமுறை ஆபீஸ் வேலையாகக் கல்கத்தா போனபோது அரை நாள் ஒதுக்கி அந்தத் தோட்டத்துக்குப் போனேன். சார்னக்கைப் பார்க்கத்தான் போனேன். திரும்பும்போது மேரியைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

கல் எப்படிப் போயிருக்கும்? இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, வடசென்னைக்காரன் என்பதால். 1690-களில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் கரையிலிருந்து தள்ளி ஆழத்தில் நிற்கும். இடையில் அலை புரட்டிப்போடும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே ஆளும் சரக்கும் போனது மசூலா படகில். ஆணி கிடையாது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். அந்தப் படகில்தான் இந்தக் கல்லும் ஏறியிருக்க வேண்டும். சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6 அடி நீளம், 3 அடி அகலம், அரை அடி கனம் என்று ஒரு பலகையை வைத்துக்கொண்டால் 9 கன அடி. சார்னக்கைட்டின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 2.7 மடங்கு. கிட்டத்தட்ட 690 கிலோ வருகிறது. கிரேன் இல்லை, ஜெட்டி இல்லை. அலையை எண்ணி எண்ணித் துடுப்புப் போட்டவர்கள் கையில்தான் எல்லாம். அந்தப் படகுக்காரர்களின் பெயர் எந்தப் பாறைக்கும் இல்லை.

அவர்கள் வழி வந்தவர்கள் பிற்காலத்தில் குடியிருந்த இடங்களில் ஒன்று ராயபுரம். அங்கே படகுத் தொழில் செய்த சமூகத்தார் 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய ராயப்பர் தேவாலயம் இருக்கிறது. ராயப்பர் என்பது செயின்ட் பீட்டரைத் தமிழ்க் கத்தோலிக்கர் அழைக்கும் பெயர். ஊர்ப் பெயரும் அதிலிருந்தே வந்தது என்பார்கள். பீட்டர் என்ற பெயருக்குக் கிரேக்கத்தில் என்ன அர்த்தம் தெரியுமா? கல், பாறை! என் ராயபுரத்து நண்பனிடம் இதைச் சொன்னேன். "அப்போ எங்க ஏரியாவே கல்லு ஏரியாதானா? ஜியாலஜில எனக்கு அந்த மார்க்கையாவது போட்டிருக்கலாம்ல" என்றான்.

வெள்ளைக்காரன் பெயர் நம் வாயில் மாறுவதும் இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. காலடிப்பேட்டைக்காரர்கள் கவனிக்கவும். 1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடிவைத்த பேட்டை அது. காலெட் பேட்டை நாளடைவில் காலடிப்பேட்டை ஆனது. யாருடைய காலடி என்று நான் சின்ன வயதில் பாட்டியைக் கேட்டிருக்கிறேன். பெருமாளுடைய காலடி என்றாள். காலெட் தமிழில் கரைந்தே போனார். சார்னக் பாறையில் ஒட்டிக்கொண்டு, கரையாமல், நார்வேயிலிருந்து அண்டார்டிகா வரை போய்விட்டார்.

ஆமாம், அவ்வளவு தூரம். ஹாலண்ட் விடவில்லை, 1900-த்தில் ஜி.எஸ்.ஐ. வெளியீடாக நூறு பக்கத்துக்கும் மேல் பெரிய ஆய்வு ஒன்றைக் கொண்டுவந்தார். பல்லாவரம் மட்டுமில்லை, நீலகிரி, சேர்வராயன், பழனி மலைகள் எல்லாம் இதே குடும்பம் என்று காட்டி 'சார்னக்கைட் வரிசை' என்றார். நீங்கள் ஊட்டிக்கு டூர் போய் தொட்டபெட்டாவில் போட்டோ எடுத்துக்கொண்டீர்களே, காலடியில் இருந்தது இதுதான். பிறகு இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா என்று வரிசையாகக் கண்டுபிடித்தார்கள். இந்த நிலங்கள் ஒருகாலத்தில் கோண்ட்வானா என்று ஒன்றாக ஒட்டியிருந்தவை என்பதை நினைத்துப் பார்த்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அண்டார்டிகாவில் எண்டர்பி லேண்ட் என்ற பகுதியில் கிடைத்த ஒரு வகைக்கு 1936-ல் எண்டர்பைட் என்று பெயர் வந்தது. எண்டர்பி என்பது லண்டனில் திமிங்கில வேட்டைக் கப்பல் விட்ட கம்பெனிக்காரர்களின் பெயர். ஒரு கம்பெனி ஏஜென்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பெனி!

நம் நாட்டிலேயே வேறு விதமாகப் பெயர் வைத்ததும் உண்டு. ஒரிசாப் பக்கத்து உருமாற்றப் பாறை ஒன்றுக்கு 1902-ல் அங்கே வாழும் கோண்டு பழங்குடியினர் பெயரால் கோண்டலைட் என்று வைத்தார்கள். கொனாரக் கோயில் பெரும்பாலும் அந்தக் கல்தான். அந்தக் கணக்கில் நம்முடையதற்குப் பல்லாவரைட் என்று வந்திருக்கலாமே என்று எனக்கு ஒரு ஆதங்கம். பல்லாவரம் ஒன்றும் சாதாரண ஊர் இல்லை. பல்லவபுரம், 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைந்த குகைக் கோயில் அங்கே இருக்கிறது, பிற்காலத்தில் தர்காவானது. 1863 மே 30-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியைப் பொறுக்கியதும் அங்கேதான் (அது குவார்ட்சைட், நம் கல் இல்லை). ஆனால் ஹாலண்டை முழுசாகக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. கல்லறையில் பார்த்த கல்லுக்குக் கல்லறைக்காரர் பெயர். அவருக்கு அது ஒரு மெல்லிய நகைச்சுவை. பின்னாளில் 1916-ல் அமைந்த இந்தியத் தொழில் கமிஷனுக்குத் தலைவராக இருந்து, இந்தத் தேசத்தில் தொழிற்சாலைகள் வளர வேண்டும் என்று அறிக்கை கொடுத்தவரும் அவரே.

இதில் ஒரு வேடிக்கை. 2003 மே மாதம் கல்கத்தா உயர்நீதிமன்றம், வரலாற்றறிஞர்கள் குழுவின் அறிக்கையை ஏற்று, கல்கத்தாவை நிறுவியவர் என்று சார்னக்கைச் சொல்ல முடியாது, ஆகஸ்ட் 24 அதன் பிறந்தநாளும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அவர் வருவதற்கு முன்பே அங்கே கிராமங்களும் சந்தையும் இருந்தன. எந்தக் காரணத்துக்காகப் பாறைக்கு அந்தப் பெயர் வந்ததோ, அந்தக் காரணம் போய்விட்டது, பெயர் நிற்கிறது. விஞ்ஞானப் பெயர்கள் அப்படித்தான், ரேஷன் கார்டில் விழுந்த பெயர் மாதிரி. ஒருமுறை பதிவானால் திருத்துவது கஷ்டம்.

'சார்னக்கைட் உருமாற்றப் பாறையா, தீப்பாறையா?' என்று பரீட்சையில் கேட்டால் என்ன எழுதுவது? ஹாலண்ட் தீப்பாறை என்றே நினைத்தார், அதாவது குழம்பாக இருந்து குளிர்ந்து உறைந்தது. பின்னால் வந்தவர்கள் பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் ஆழத்தில், 700, 800 டிகிரிச் சூட்டில், பழைய பாறையே ஈரம் வற்றி இப்படி மாறியது என்றார்கள். சண்டை பலகாலம் நடந்தது. 1960-ல் மைசூரைச் சேர்ந்த புவியியலாளர் பிச்சமுத்து, கர்நாடகத்தில் கப்பால்துர்கா என்ற இடத்தில், சாம்பல் நிற நைஸ் பாறைக்கு நடுவே திட்டுத்திட்டாக சார்னக்கைட் உருவாகியிருப்பதை எடுத்துக்காட்டி நேச்சர் இதழில் எழுதினார். மாறிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுபோன பாறை! தோசைக்கல்லில் பாதி வெந்த தோசையைப் பார்க்கிற மாதிரி. பாறையின் உடம்பில் நீர்ச்சத்துள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போய், நீரில்லாத ஹைப்பர்ஸ்தீன் வந்து உட்காருகிறது. இன்றைக்கு இரண்டு வழியிலும் பிறந்தவை உண்டு என்று ஒப்புக்கொள்கிறார்கள். பல்லாவரத்துக் கல்லின் வயது ஏறக்குறைய 250 கோடி வருஷம்.

அந்தக் கல்தான் நம் வீட்டு கான்கிரீட்டில் 'புளூ மெட்டல்' ஜல்லி. பல்லாவரம், பம்மல், திரிசூலம் பக்கத்துக் குன்றுகளை உடைத்து உடைத்துத்தான் சென்னை கட்டப்பட்டது. உலகத்துப் புவியியல்காரர்கள் எல்லோரும் 'மூல இடம்' என்று பெயர் சொல்லும் குன்று, பாதி லாரியில் ஏறிப் போய்விட்டது. மிச்சமிருப்பது ஆழமான குழிகளும் பச்சைத் தண்ணீரும். 2017 வறட்சியில் மாங்காடு அருகே சிக்கராயபுரம் கல்குவாரிக் குழிகளில் தேங்கிய தண்ணீரைச் சுத்தம் செய்து சென்னைக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். கல்லை எடுத்தோம், பிறகு கல் இருந்த இடத்துத் தண்ணீரையும் எடுத்தோம்.

நம் பக்கத்துக்கு வந்த கல் வேறு காரணத்துக்காக வந்தது. 1875-ல் துறைமுகத்துக்கு முதல் கல் நட்டார்கள். அதன் கைகள் கடலுக்குள் நீண்டதும், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மணல் வரவில்லை, கடல் வந்தது. கடலைத் தடுக்கக் கல் கொட்டினார்கள். 2000-த்துக்குப் பிறகு தூண்டில் வளைவுகள் கட்டினார்கள், அதற்கும் கல். செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து லாரி லாரியாக வந்தது. எங்கள் வீட்டில் நாள் கணக்கு சொல்வதே "கல்லு போடறதுக்கு முன்னாடி, போட்டதுக்கு அப்புறம்" என்றுதான். கல் போடுவதற்கு முன்னால் வாசலில் வலை காயவைக்க மணல் இருந்தது என்பாள் அம்மா. நான் மணலைப் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்த கடற்கரை கல்தான். பரீட்சைக்குப் படித்தது, நண்பர்களோடு சண்டை போட்டது, வேலை கிடைத்த செய்தியைப் போனில் கேட்டது, எல்லாம் அந்தக் கல்மேல் உட்கார்ந்துதான்.

போன மாதம் அங்கே போய் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். வெயிலிலும் உப்பிலும் கிடந்த மேல்பரப்பு பழுப்பாக, ஒன்றும் தெரியாது. உடைந்த முகத்தைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் நீலம், கொஞ்சம் பச்சை, எண்ணெய் தடவின மாதிரி ஒரு மினுமினுப்பு. அதுதான் ஆள். கோடு கோடாக இருந்தால் அது நைஸ், விட்டுவிடுங்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை சார்னக்கைட்தான். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர், "இன்னா தம்பி, கல்லை மோந்து மோந்து பாக்கற?" என்று கேட்டார். கதையைச் சொன்னேன். பாதி கேட்டுவிட்டு, "கல்கத்தாவுக்கு நம்ம ஆளுங்கதான படகுல ஏத்தி வுட்டுருப்பாங்க" என்றார். நான் கணக்குப் போட்டு வந்து சேர்ந்த இடத்துக்கு அவர் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டார்.

ரீயூனியன் அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிவில் பிளாக் வராந்தாவில் ஒரு துண்டு வைத்திருப்பேன். நம்பர் போடவில்லை. பார்க்க ஆசைப்படுபவர்கள் வரலாம். மூல இடத்தையே பார்க்க நினைக்கிற தம்பி தங்கைகள் பரங்கிமலைக்குப் போகலாம், ஜி.எஸ்.ஐ. அதைத் தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது. அங்கே சுத்தியல் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உடைந்த முகம் பார்க்க வேண்டுமென்றால் திருவொற்றியூர் பக்கம் வாருங்கள், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், அலை இறங்கின நேரமாகப் பார்த்து.